நிறத்தை வைத்து மண்டலம் தேடினால் தப்பான நிறம் வருகிறது

மண்டலத்துக்கு ஒரு நிறம் என்று வரைந்த படம் இருக்கிறது. பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பில் (120, 40) புள்ளி (கிடையாக 120, செங்குத்தாக 40) பச்சைக்குள்தான் விழுகிறது. படம்[120, 40] என்று கேட்டால் நீலம்! எல்லையோரம் பட்டியலிலேயே இல்லாத நிறங்கள் வேறு.

பதில்: நம்பை (பைத்தானின் எண் அணி நூலகம்) அணியில் முதலில் வரிசை, அப்புறம்தான் நெடுவரிசை. படம்[40, 120] என்று கேளுங்கள். செங்குத்து அச்சு கீழிருந்து மேலே ஏறினால், உயரத்தில் 1 குறைத்து அதிலிருந்து 40-ஐக் கழியுங்கள்.

பதில்: படத்தை ஓப்பன்சிவி என்ற பட நூலகத்தில் திறந்தீர்களா? அது நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில்தான் தரும்.

கேட்டவர்: 40, 120 என்று மாற்றிப் போட்டதும் பச்சை வந்துவிட்டது, நன்றி. ஓரத் தொல்லை மட்டும் போகவில்லை. படம் பிஎன்ஜிதான், சுருக்கும்போது நிறத்தை மாற்றிவிடும் ஜேபெக் இல்லை.

பதில்: அப்படியானால் ஆன்டி-அலையாசிங் (ஓரங்களை மென்மையாக்க நிறங்களைக் கலப்பது) வேலை. அதை அணைத்துவிட்டு மறுபடி வரையுங்கள். அளவு மாற்றினால் நியரஸ்ட் நெய்பர் (பக்கத்துப் புள்ளியின் நிறத்தை அப்படியே எடுக்கும் முறை) மட்டும். பைலீனியர் முறை சுற்றியுள்ள புள்ளிகளைச் சராசரியாக்கிப் புது நிறங்களைக் கலந்துவிடும்.