மறு: 'கார்டட் ஹீரோயின்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். காதல் நாவல் வகைகளுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. பொறியியல் சொல் கேட்டால் இரண்டு பேர் பதில் எழுதுவார்கள், அதில் ஒருவர் திட்டி எழுதுவார். காதல் நாவல் என்றதும் வழக்கமாக மௌனமாக இருப்பவர்கள்கூட வந்துவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது, எல்லாவற்றையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரிப் பின்னணி: ஆங்கிலத்தில் வரும் தற்காலக் காதல் நாவல்களைத் தமிழில் பெயர்க்கிறேன். பின்னட்டைக்கும் இணையக் கடையின் தேடல் பட்டியலுக்கும் வகைச்சொற்கள் வேண்டும். ஸ்டீமி (படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக வருவது), ஸ்லோ பர்ன் (காதல் மெல்ல மெல்ல வளர்வது), கார்டட் ஹீரோயின் (மனசை எளிதில் திறக்காத நாயகி), குளோஸ்ட் டோர் (படுக்கையறைக் கதவோடு காட்சி நின்றுவிடுவது). இந்த நான்கும்தான் இப்போதைக்கு அவசரம்.

"விளம்பர வார்த்தைக்கெல்லாம் கலைச்சொல் எதற்கு" என்று ஒருவர் கேட்டிருந்தார். இவை வெறும் விளம்பரம் இல்லை. காதல் நாவலுக்குப் பெயர்போன பதிப்பகங்களைப் பாருங்கள்: லண்டனில் 1908-இல் மில்ஸ் அண்ட் பூன் தொடங்கியது, கனடாவின் வின்னிபெக்கில் 1949-இல் ஹார்லெக்வின் தொடங்கியது, 1971-இல் ஹார்லெக்வின் மில்ஸ் அண்ட் பூனை வாங்கியது. அந்த வியாபாரமே தனித்தனி வரிசைகளால் ஆனது. எந்த வரிசையில் படுக்கையறைக் கதவு எவ்வளவு திறக்கும் என்பது வாங்கும்போதே வாசகிக்குத் தெரியும். லவ் இன்ஸ்பயர்டு என்ற கிறித்துவ வரிசையில் அது திறக்கவே திறக்காது. அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்குச் சொல்லும் இலக்கணமே இரண்டு விஷயம்தான்: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அதாவது இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே முடிவான விஷயம். பிறகு வாசகி எதைப் பார்த்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பாள்? எப்படிச் சேர்கிறார்கள், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு வெளிப்படையாக என்பதைத்தான். அந்த 'எப்படி'க்குத்தான் இந்தச் சொற்கள்.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ஸ்டீமி ரொமான்ஸ் = ஆவி பறக்கும் காதல்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆவி பறக்க இட்லி வரலாம், காபி வரலாம். அட்டையில் ஆவி என்று போட்டால் வாங்குகிறவர் இரண்டாம் அத்தியாயத்திலேயே பேயைத் தேட ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "விகடன்ல தொடர்கதையா?" என்று கேட்டார்.

> ஐஸ் குயின் / கார்டட் ஹீரோயின் = பனியரசி. காதலன் வந்ததும் பனி உருகுகிறது. அழகான உவமை.

ஆங்கிலக்காரர்களுக்கு அழகு. ஆறு மாதம் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் சூடு என்பது சுகம், குளிர் என்பது தனிமை. அதனால்தான் அங்கே காதல் வெதுவெதுப்பாக இருக்கிறது, காதலிக்காதவள் பனிக்கட்டி ஆகிறாள். சித்திரை வெயிலில் நிற்கிற நமக்கு எல்லாம் தலைகீழ். பிடித்தவர்களைப் பார்த்தால் கண் குளிர்கிறது, நல்ல செய்தி கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது, பிரிவுதான் சுடுகிறது. வள்ளுவர் காமத்துப்பாலில் சொன்னது இதுதான் (1104): "நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீயாண்டுப் பெற்றாள் இவள்." விலகினால் சுடும், நெருங்கினால் குளிரும், இப்படி ஒரு தீயை இவள் எங்கே பிடித்தாள் என்கிறான் தலைவன். இன்னொன்று கவனியுங்கள். நாம் விளக்கையும் அணைக்கிறோம், ஆளையும் அணைக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றா வேறா என்று நம் இலக்கணப் புலிகள் அடித்துக்கொள்ளட்டும். என் காதில் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் விழுகின்றன.

ஆகவே வெப்பமானியை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம் என்பதே என் கட்சி. 'வெப்ப அளவு', 'சூட்டு நிலை', 'பனியரசி' மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன். பனியரசியைத் தமிழ் வாசகி பார்த்தால், "பாவம், ஜில்லுன்னு இருக்கா, என்ன குறை அவளுக்கு?" என்றுதான் கேட்பாள்.

அப்புறம் ஸ்டீமிக்கு என்னதான் வழி? காரம். ஆங்கில வாசகர்களே இப்போது 'ஸ்பைஸ்' என்று சொல்லி மிளகாய்ப் படம் போட்டுத்தான் மதிப்பெண் தருகிறார்கள். நாக்குச் சூடு நமக்கு அந்நியம் கிடையாது, சுகமும் கண்ணீரும் சேர்ந்தே வருவது. 'காரம் 1' என்றால் முத்தத்தோடு சரி. 'காரம் 5' என்றால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். மசாலா என்று சொல்ல முடியாது, அதைச் சினிமாக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதில் சண்டையும் அம்மா சென்டிமென்ட்டும் சேர்த்தி.

> காரம் என்றால் வேதியியலில் அமிலத்துக்கு எதிர். குழப்பம் வரும்.

தம்பி, காதல் நாவலை லிட்மஸ் தாளோடு யாரும் படிப்பதில்லை.

> பழைய சொல் சிருங்காரம் இருக்கும்போது ஏன் சமையலறைக்குப் போக வேண்டும்?

சிருங்காரம் நவரசங்களில் ஒன்றின் பெயர். கூடலும் அதில் உண்டு, பிரிவும் உண்டு. ஒருவரை ஒருவர் தொடாமலே நூறு பாட்டு சிருங்காரமாகப் பாடலாம். எனக்கு வேண்டியது வெளிப்படைத்தன்மையை அளக்கும் சொல். வேண்டுமானால் சமாதானத்துக்கு ஒன்று சொல்கிறேன்: சிருங்காரத்தின் கடைசியிலும் காரம்தான் இருக்கிறது.

இப்போது தலைப்புக்குரிய சொல். இதில்தான் நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

கையில் இருக்கும் நாவலின் நாயகி அமெரிக்காவில் ஓரிகன் கடற்கரையோரம் ஒரு சின்ன ஊரில் ரொட்டிக் கடை நடத்துகிறாள். விவாகரத்து ஆனவள். கடுமையானவள் கிடையாது, வாடிக்கையாளர்களிடம் சிரித்துத்தான் பேசுவாள். ஆனால் அவளைப் பற்றி ஏதாவது கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வியைத் தள்ளிவிடுவாள். காதலன் வீட்டுக்குப் போனால் காரை எப்போதும் தெருவில், கிளம்பும் திசை பார்த்து நிறுத்துவாள். உடல் நெருக்கம் ஒன்பதாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது, காரம் நாலு. அப்போதும் கார் தெருவில்தான். இருபத்தாறாம் அத்தியாயத்தில் ஒருநாள் அதை அவன் வீட்டு வாசலுக்குள் ஏற்றி நிறுத்துகிறாள். அவ்வளவுதான், நாவல் அங்கே திரும்பிவிடுகிறது. இவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

'தாழ்மன நாயகி' என்று ஒரு பரிந்துரை. தாழ் என்றால் கதவின் தாழ் என்பது புரிகிறது. ஆனால் படிக்கிறவருக்குத் தாழ்ந்த மனம் என்றுதான் படும். 'காப்பு நாயகி', வளையல் விளம்பரம். 'இறுக்க நாயகி' பரவாயில்லை, ஆனால் என் நாயகி சிரிக்கிறாள் என்று சொன்னேனே.

பெரியவர் ஒருவர் குறளின் 126-ஆம் அதிகாரத் தலைப்பிலிருந்து 'நிறையழி நாயகி' என்று எடுத்துக் கொடுத்திருந்தார். "காமக் கணிச்சி உடைக்கும் நிறையென்னும் நாணுத்தாழ் வீழ்த்த கதவு" என்ற 1251-ஆம் குறளையும் மேற்கோள் காட்டினார். ஐயா, படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கட்டுப்பாடு ஒரு கதவு, நாணம் அதன் தாழ், ஆசை அதைப் பிளக்கும் கோடரி. இந்த வகை நாவல் முழுவதையும் ஏழு சீரில் சொல்லியாயிற்று. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, 'நிறை' இன்று தமிழ்நாட்டுப் பாடநூலில் மாஸ். இலங்கைப் பிள்ளைகளுக்கு மாஸ் என்பது திணிவு, நிறை என்பது வெயிட். எந்தக் கரையில் படித்தாலும் நாயகி எடை மேடையில் ஏறிவிடுவாள்.

இரண்டாவது சிக்கல்தான் எனக்குப் பெரிது. குறளில் அந்தக் கோடரி அவளுடைய ஆசையே, உள்ளிருந்து வெட்டுகிறது. ஆனால் பின்னட்டையில் ஒரு பெண்ணின் பக்கத்தில் 'அழி' என்று போட்டால் யாரும் உரை தேடிப் போய்ப் படிக்கமாட்டார்கள், வெளியிலிருந்து ஒருவன் உடைத்தான் என்றே எடுத்துக்கொள்வார்கள். 1970-களில் ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட நாவல்கள் நிறைய வந்தன. அவள் வேண்டாம் என்பாள், அவன் கேட்கமாட்டான், கடைசியில் அதுவே காதல். 'பாடிஸ் ரிப்பர்' என்று கேலிப்பெயரே உண்டு. இன்றைய நாவல்கள் பெரும்பாலும் அதைவிட்டு வந்துவிட்டன. காரம் கூடக்கூட "சரியா?" என்று கேட்பதும் "சரி" என்பதும் வசனத்திலேயே வருகின்றன. ஆகவே கலைச்சொல்லில் வினை அவள் கையில் இருக்க வேண்டும்.

அந்த வினை என் அம்மாவிடம் கிடைத்தது. தொலைபேசியில் என் தங்கையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்: "கல்யாணப் பேச்சை எடுத்தாலே பிடிகொடுக்கமாட்டேங்கிறா."

பிடிகொடா நாயகி.

செல்லாக் காசு, வாடா மலர் மாதிரி இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்தில் இடறாது. பண்புப்பெயர் வேண்டுமென்றால் பிடிகொடாமை. பொய்யாமை, கொல்லாமை என்று வள்ளுவர் வகுப்பெடுத்த குடும்பம். ஆணுக்கும் பொருந்தும், பிடிகொடா நாயகன். எல்லாவற்றையும்விட முக்கியம், பிடியைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் செயல். யாரும் உடைக்கவில்லை, யாரும் உருக்கவில்லை. காரை உள்ளே நிறுத்திய அன்று அவள் பிடிகொடுத்தாள் என்று ஒரே வினையில் கதையை முடித்துவிடலாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். செய்தியாளர் கேள்விக்கு அமைச்சர் பிடிகொடுக்காமல் பதிலளித்தார் என்று தினமும் படிக்கிறோம், அந்த வாசம் ஒட்டாதா? கொஞ்சம் ஒட்டும். என் நாயகியும் கேள்விக்குக் கேள்விதான் பதிலாகத் தருகிறாள், ஒட்டட்டும். பிடி என்றால் பெண் யானையும்கூட என்று எப்படியும் ஒருவர் எழுதுவார். நானே எழுதிவிட்டேன்.

மற்ற இரண்டும் சீக்கிரம் முடியும்.

ஸ்லோ பர்னுக்கு உமித்தீ, நீறுபூத்த நெருப்பு இரண்டும் வந்தன. உமித்தீ வேதனையைச் சொல்கிறது, நீறுபூத்த நெருப்பு கலவரச் செய்திக்குப் போய்விட்டது. மறுபடியும் தீயைவிட்டு வெளியே வந்து பழத்துக்குப் போகலாம். காதல் கனிந்தது என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஆகவே கனிகாதல். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: கனிந்த, கனிகின்ற, கனியும் காதல், மூன்று காலமும் உள்ளே, நானூறு பக்கம் காத்திருக்கும் வாசகிக்கு வேறென்ன வேண்டும். இடையில் 'க்' போடாதீர்கள், வினைத்தொகையில் வலி மிகாது. (முதல் சந்திப்பிலேயே உயிரை விடும் 'இன்ஸ்டா லவ்'வுக்குக் கல் வைத்துப் பழுக்கவைத்த காதல் என்று சொல்ல ஆசை. பதிப்பாளர் விடமாட்டார்.)

குளோஸ்ட் டோருக்குக் 'கதவடைப்பு' என்று எழுதியவருக்கு: அது ஆலை முதலாளி செய்வது, தொழிற்சங்கம் கொடி பிடித்து வந்துவிடும். நம் பழைய படங்கள் வழி காட்டியிருக்கின்றன. நாயகனும் நாயகியும் நெருங்குவார்கள், இரண்டு பூக்கள் உரசும், விளக்கு அணையும், அடுத்த காட்சியில் பொழுது விடியும். ஆகவே விளக்கணைப்பு. மேலே சொன்ன இரண்டு அணைப்பும் இதற்குள் இருப்பது இனாம்.

ஆக இந்தப் புத்தகத்துக்கான பட்டியல் வரி இப்படிப் போகிறது: பிடிகொடா நாயகி, கனிகாதல், காரம் 4. மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பிரிந்தவர்கள் பல வருடம் கழித்து மறுபடி சேரும் 'செகண்ட் சான்ஸ் ரொமான்ஸ்'. 'மறுவாய்ப்புக் காதல்' என்று வைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அரியர் எழுதுற மாதிரி இருக்கும்மா" என்கிறான். வேறு யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்.