இந்தப் பொண்ணுக்கு ஷோல்டரே இல்லையே? 1806 பிரெஞ்சு ஓவியம் பற்றி ஒரு சந்தேகம்

பழையபேட்டை தையல் (கிருஷ்ணகிரி):
வணக்கம். எனக்கு ஓவியம் தெரியாது, ஜாக்கெட் தைக்கத் தெரியும். என் பொண்ணு கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில சேரணும்னு பென்சிலும் கையுமா இருக்கா. இப்ப காப்பி பண்றது, ஆங்க்ர்னு ஒருத்தர் வரைஞ்ச கரோலின் ரிவியேர் படம். வெள்ளை கவுன், மஞ்சள் கலர்ல நீளக் கிளவுஸ், கையில தொங்கற வெள்ளை ரோமத் துண்டு, பின்னாடி ஆறு.

கிளாஸ் எடுக்கற சார் "கழுத்து நீளம், தோள் சிறுசு, தப்பு"ன்னு ரப்பர் வச்சு அழிச்சிட்டார். நான் ஒரிஜினலை பிரிண்ட் போட்டு இன்ச் டேப் வச்சுப் பார்த்தேன். பொண்ணு வரைஞ்சது சரி, ஒரிஜினலே அப்படித்தான்! கழுத்துல இருந்து நேரா கைக்குச் சரியுது. இந்த அளவுக்கு வெட்டினா ஆர்ம்ஹோல் நிக்காது, கவுன் நழுவிடும். ஆங்க்ருக்கு அளவு தெரியலையா, வேணும்னே பண்ணாரா?

பேனர் தாத்தா (தர்மபுரி):
அளவு தெரியாத ஆளா? 1797-லேயே பாரிஸ்ல டேவிட்ங்கற பெரிய ஓவியரோட பட்டறையில சேர்ந்தவரும்மா. அங்க ஆளை நிக்க வச்சு, சிலையைப் பார்த்து, எலும்பும் தசையும் வரைஞ்சு வரைஞ்சு கை தேயணும். 1801-ல ரோமுக்கு அனுப்பற பரிசே வாங்கிட்டார். அரசாங்கத்துகிட்ட காசில்லாம 1806 வரைக்கும் அனுப்பலை. அந்த இடைவெளியில வந்த வேலைதான் இது. கரோலினோட அப்பா நெப்போலியன் அரசுல அதிகாரி. அப்பா, அம்மா, பொண்ணு மூணு பேருக்கும் தனித்தனிப் படம். மூணுமே இப்ப பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு.

வேணும்னேதான் பண்ணியிருக்கார். அவருக்குக் கோடுதான் சாமி. காதுக்குக் கீழ கிளம்பின கோடு எங்கயும் முட்டாம விரல் வரைக்கும் இறங்கணும். குறுக்க எலும்பு வந்தா எலும்பைத் தள்ளிடுவார். 1814-ல வரைஞ்ச படுத்திருக்கற பெண்ணோட முதுகுல கணு அதிகம்னு அந்தக் காலத்துலயே கிண்டல் பண்ணாங்க.

முகத்தையும் கவனிங்க. நாங்க கட்-அவுட் போடும்போது மூக்கோரம் கருநீலம் இழுத்தாத்தான் மூக்கு எடுப்பா நிக்கும். இந்தப் படத்துல அடர்த்தியா நிழலே இல்லை. ஆனா கன்னம் உருண்டு வருது! எனக்கு இன்னும் பொறாமைதான்.

கரிக்கோல் (காவேரிப்பட்டினம்):
தாத்தா சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். கரோலினுக்கு வளர்ற வயசு. அந்த வயசுல தலை பெருசாவும் தோள் ஒடுங்கியும்தான் தெரியும். எல்லாத்தையும் கோட்டுக் கணக்குல எழுத வேண்டாம்.

பாரிஸ்ல நடந்த 1806 சலோன் ஓவியக் கண்காட்சியில விமர்சகர்கள் ஆங்க்ரைக் கிழிச்சிட்டாங்க. 'கோதிக்'னு திட்டினாங்க, அதாவது பழைய காலத்து விறைப்பு ஓவியம்னு. அவர் அதுக்கு முன்னாடியே ரோமுக்குக் கிளம்பிட்டார், கடிதத்துல தெரிஞ்சு நொந்துபோனார். 1824 வரைக்கும் இத்தாலியிலயே இருந்துட்டார். பாவம், கரோலின் 1807-லேயே இறந்துட்டா.

அக்கா, காப்பியோட நிறுத்தாதீங்க. கடைக்கு அளவு கொடுக்க வர்றவங்களை உட்கார வச்சு வரையச் சொல்லுங்க. நிஜத் தோள் எப்படி நிக்குதுன்னு கைக்குப் பழகும்.

பழையபேட்டை தையல்:
ஆடி மாசம், கடையில ஆளே இல்லை, என்னையேதான் உட்கார வைக்கணும் 😄 கரோலின் அம்மாவோட படத்தையும் தேடிப் பார்த்தேன். அந்தச் சால்வை நம்ம ஊர் சரக்கு மாதிரி இருக்கே?

பேனர் தாத்தா:
காஷ்மீர் சால்வை. நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போன பிறகு பாரிஸ்ல அதுக்குப் பெரிய மவுசு. பணக்கார வீட்டம்மா தோள்ல காஷ்மீர் சால்வை இல்லாம வெளிய வரமாட்டாங்க. நீங்க புடவை பார்டர்ல பார்க்கற மாங்காய்தான் அதுலயும் ஓடும். கரோலின் கவுன்ல இடுப்பு எங்க இருக்குன்னு பார்த்தீங்களா? மார்புக்குக் கீழயே கட்டு. அப்ப அதுதான் ஃபேஷன்.

ரப்பர் போட்ட இடம் நைஞ்சிருக்கும், புது ஷீட் எடுக்கச் சொல்லுங்க. ஒரிஜினல் 100 × 70 சென்டிமீட்டர். 50 × 35-ல கட்டம் போட்டா கணக்கு சுலபம். மேல் மூலை ரெண்டும் வளைவா இருக்கும், சதுரமா விட்டுடப் போறா. கழுத்துக் கோட்டை ஒரே இழுப்புல போடணும், பிச்சுப் பிச்சுப் போட்டா நிக்காது. சார் திரும்பவும் ரப்பரை எடுத்தா அந்த பிரிண்டைக் காட்டச் சொல்லுங்க.