ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது: கம்ப்ரஸர்தான் காரணமா?

பொருநைக்கரை:
2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். நாற்கரச் சாலையில் மதுரைப் பக்கம் போகும்போது ஏசி நன்றாகவே குளிர்கிறது. வண்ணார்பேட்டை சிக்னலில் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் காற்று சூடாகிவிடுகிறது. வண்டி நகர்ந்ததும் திரும்பக் குளிரும். போன கோடையில் இதற்காகவே ஒரு கடையில் கேஸ் அடித்தேன், பெரிய மாற்றம் இல்லை. இப்போது அதே கடையில் கம்ப்ரஸர் வீக், மாற்றினால் 18,000 ஆகும் என்கிறார்கள். எஞ்சின் சூடாகவில்லை, முள் நடுவில்தான் நிற்கிறது. வீட்டில் மல்டிமீட்டரும் ஸ்பானர் செட்டும் உண்டு. பணத்தைக் கொடுக்கும் முன் நானே ஏதாவது பார்க்க முடியுமா?

ஞாயிறு_ஸ்பானர்:
கேஸ் குறைந்திருக்கும் நண்பா. ஆர்134ஏ என்கிற ஏசி கேஸ் 450 கிராம் டின்னாக ஹோஸோடு ஆன்லைனிலேயே கிடைக்கிறது, வாங்கி அடித்துப் பாருங்கள். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற கேபின் ஃபில்டரையும் பாருங்கள். என் காரில் அதைக் கழற்றியபோது புறா இறகு வரை இருந்தது.

கேஜ்காரர்:
தம்பி, டின் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். ஃபில்டர் அடைத்தால் காற்றின் வேகம்தான் குறையும், அதுவும் ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி குறையும். உங்கள் பிரச்சினை அது இல்லை.

கடைக்காரர் சொன்னதை அபத்தம் என்றும் சொல்ல மாட்டேன். கம்ப்ரஸர் தேய்ந்தாலும் கேஸ் குறைந்தாலும் ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கூலிங் இறங்கத்தான் செய்யும். ஆனால் கண்டென்சரில் (ஏசியின் சூட்டை வெளியே தள்ளும், கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் காயில்) காற்றுப் படாவிட்டாலும் இதே அறிகுறிதான். ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் ஃபேன்தான் செய்ய வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கம்ப்ரஸரில் கை வைக்கக் கூடாது.

மதிய வெயிலில் வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு ஏசியை முழுதாக வையுங்கள். காற்று சூடாகும் வரை காத்திருங்கள். சூடானதும் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து 2000 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். வண்டி நின்றபடியே கூலிங் திரும்பினால் சந்தேகம் கம்ப்ரஸர் மேல், அல்லது கேஸ் மேல். திரும்பவில்லையா? ஐடிலுக்கு விட்டுவிட்டு, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கூலிங் வந்துவிட்டால் கேஸும் கம்ப்ரஸரும் ஓரளவு சரி, காற்றுதான் போதவில்லை.

அதோடு, ஏசி ஸ்விட்சைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். கையை மட்டும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும்.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, செய்து பார்த்தேன். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் குளிரவில்லை. தண்ணீர் ஊற்றியதும் சில்லென்று வந்தது! ஃபேன் ஏசி போட்டதும் சுற்றவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து திடீரென்று முழு வேகத்தில் சுற்றியது, கூலிங்கும் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. மோட்டார் வேலை செய்கிறதே, பிறகு என்ன?

கேஜ்காரர்:
அந்தத் திடீர் வேகத்தில்தான் விடை இருக்கிறது. இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் ஃபேனுக்கு இரண்டு வேகம். ஏசி போட்டால் மெதுவான வேகம், அதற்கான கரண்ட், அதைக் குறைத்து விடும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். எஞ்சின் தண்ணீர் நன்றாகச் சூடானால் ரெசிஸ்டரைத் தாண்டி நேரடியாக முழு வேகம். ரெசிஸ்டர் எரிந்தால் மெதுவேகம் மட்டும் செத்துப்போகும். எஞ்சினை முழுவேகம் காப்பாற்றிவிடுவதால் முள் நடுவிலேயே நிற்கும், ஃபேன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. இப்படி நல்ல கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஃபியூஸ், அடுத்து ஃபேனுக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலே. ஃபியூஸ் பாக்ஸில் அதே எண் போட்ட ஹார்ன் ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதிலும் சுற்றாவிட்டால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஃபேன் கூட்டில் திருகியிருக்கும் ரெசிஸ்டரின் கனெக்டரைப் பிரித்து மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல ரெசிஸ்டர் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். மீட்டரில் ஒன்றும் வராவிட்டால் எரிந்துவிட்டது.

பொருநைக்கரை:
மீட்டரில் ஒன்றும் வரவில்லை. ஜங்ஷன் பக்கம் ஸ்பேர் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கி மாட்டிவிட்டேன். ஏசி போட்ட உடனே ஃபேன் சுற்றுகிறது, சிக்னலிலும் குளிர்கிறது. போன வருடம் அடித்த கேஸ் சரியான அளவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவரிடம் ஏசி பிரஷர் பார்க்கும் கேஜ் இருக்கிறது.

கேஜ்காரர்:
எஞ்சின் ஓடாதபோது கேஜ் வைத்துப் பயனில்லை. 30 டிகிரி வெயிலில் ஆர்134ஏ ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலும் அதே அளவு, நிறைய இருந்தாலும் அதே அளவு. சமையல் சிலிண்டர் மாதிரிதான், எடை போட்டால்தான் தெரியும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். சந்தேகமென்றால் மெஷின் வைத்திருக்கும் கடையில் கேஸை உறிஞ்சி எடுத்து, வேக்கம் போட்டு, அந்த எடைக்குத் திரும்ப நிரப்பச் சொல்லுங்கள். டின்னில் அடிப்பது எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, கூடிப்போனாலும் கூலிங் குறையும். பைப் ஜாயின்ட்டை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள். இந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது, கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

ஞாயிறு_ஸ்பானர்:
டின் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அண்ணே. சந்தடி சாக்கில் ஒரு கேள்வி: என் காரில் ஏசி போட்டால் முன் சீட்டுக்குக் கீழே மேட் நனைகிறது. கேஸ் லீக்கா?

கேஜ்காரர்:
கேஸ் ஒழுகினால் தண்ணீராக வராது, ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். உங்களுடையது கூலிங் காயிலில் படியும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பைப் அடைப்பாக இருக்கும். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால் அந்த ரப்பர் குழாயைக் கண்டுபிடித்து அடைப்பை எடுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், காயில் ஓட்டையாகும்.