ஒரு சம்பவம் கதையாக மாற எத்தனை நாள் எடுக்கும்?

கடலோரத்தாள் கேட்டது:

சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26 இல் எனக்கு ஏழு வயது. முல்லைத்தீவுக் கரையிலுள்ள கள்ளப்பாட்டிலிருந்து ஓடி வந்து முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கரையில் இன்னும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம், அங்கே ஒரு கதை வந்துவிட்டது. கடல் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் ஒரு கிழவி வீடு வீடாகப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டாளாம், ஒரு வீட்டில் மட்டும் செம்பில் கொடுத்தார்களாம், அந்த வீட்டில் ஒருத்தரும் சாகவில்லையாம். எல்லோரும் நம்பினோம், நானும்தான்.

வளர்ந்த பிறகு அந்த வீடு எது என்று கேட்டுத் திரிந்தேன். ஒருவர் கள்ளப்பாடு என்றார், இன்னொருவர் சிலாவத்தை என்றார், எங்கள் மாமி செல்வபுரம் என்று அடித்துச் சொன்னா. கிழவியைத் தன் கண்ணால் கண்ட ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை. கண்டவரைத் தெரிந்த ஆட்கள்தான் ஊர் முழுக்க இருந்தார்கள்.

ஐதீகம் என்றால் கண்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, நூறு இருநூறு வருடம் கழித்து வளர்வது என்றுதான் நினைத்திருந்தேன். இது எப்படி ஒரே கிழமைக்குள் வந்தது? வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அந்தக் கதையின்படி பார்த்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுக்கவில்லை, அதனால்தான் தம்பி போனான் என்று ஆகிறது. அம்மா இன்றைக்கும் அதை நினைத்து அழுகிறா.

நந்திக்கடல் எழுதியது:

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கோ, தம்பிக்கும் அந்தச் செம்புத் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்தக் கிழவி அந்தக் கிழமை பிறந்தவ இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதையை நினைத்துப் பாருங்கோ. மதுரையை எரித்த கண்ணகி நந்திக்கடல் ஓரம் கிழவியாக வருகிறா, மாடு மேய்க்கிற பெடியளிடம் பசிக்கிறது என்கிறா, அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள், எண்ணெய் இல்லாமல் உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிறது, பேன் பார்க்கச் சொன்னால் தலை முழுக்கக் கண். வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் கடல்நீர் எடுத்து வந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுகிறோம். நீங்கள் ஓடி வந்து தங்கிய அதே முள்ளியவளை! அங்கே கூடியிருந்த சனத்துக்கு, கேட்டு வரும் கிழவி யார், கொடுத்தால் என்ன நடக்கும் என்பது பால் குடிக்கிற வயதிலேயே தெரியும். கதை ஏற்கெனவே இருந்தது, சம்பவம் வந்து அதற்குள் விழுந்தது. அதற்கு ஒரு கிழமையே அதிகம் என்பேன்.

ஒட்டுசுட்டான் வாத்தி எழுதியது:

நந்திக்கடல் சொல்வது சரி, ஆனால் கதை மெல்ல மெல்ல வளர்கிறதும் உண்டு. வன்னி அரசன் பண்டார வன்னியன் ஆங்கிலேயரோடு பொருதிய கற்சிலைமடுவில் இருந்த கல்லில் வெட்டியிருந்தது என்ன? 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிரிபேர்க் இவ்விடத்தில் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார், அவ்வளவுதான். கொன்றதாக அதில் இல்லை. அதற்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்ததாகத்தான் ஆங்கிலேயர் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் வகுப்பில் கேட்டால் முழுப் பிள்ளைகளும் அவர் அங்கேயே வீழ்ந்தார் என்பார்கள், காட்டிக்கொடுத்தவன் யார் என்றால் காக்கை வன்னியன் என்பார்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 18 ஆம் நூற்றாண்டில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை என்ற வரலாற்று நூலில், யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பறங்கியருக்குக் (போர்த்துக்கேயருக்கு) காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன். சங்கிலி பிடிபட்டது 1619 இல். அதாவது 184 வருடம் தாண்டி வந்து இன்னொரு தலைவனையும் காட்டிக்கொடுத்திருக்கிறான். அந்த நூலே சங்கிலி என்ற பெயரில் இருந்த இரண்டு அரசர்களை ஒருவராக்கி எழுதியது என்பது வேறு கதை. நம்முடைய வீரன் தோற்றான் என்றால் ஒரு துரோகி இருந்தே ஆகவேண்டும், ஆள் இல்லாவிட்டால் பழைய ஆளைக் கூட்டிவருவோம். பண்டார வன்னியன் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் ஒரு துளியும் குறையவில்லை.

யானைக்காடு எழுதியது:

படித்தவர்களும் இதில் விலக்கில்லை. யால வனவிலங்குப் பூங்காவில் ஒரு மிருகம்கூடச் சாகவில்லை, யானைகள் முன்பே அறிந்து மேட்டுக்கு ஓடின என்று சுனாமி வந்த சில நாட்களிலேயே உலகப் பத்திரிகைகள் எழுதின. அங்கே 2 யானைகளுக்குச் செய்மதிக் கழுத்துப்பட்டி போட்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டபோது, அவை முன்கூட்டி ஓடியதற்கு அடையாளமே இல்லை. இதை யார் வாசித்தார்கள்?

குளக்கட்டு எழுதியது:

கண்டவர் உயிரோடிருந்தால் கதை வளராது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பெரியப்பா ஒரு மாரிக்குக் குளக்கட்டு உடைகிற நிலையில் இருந்த இரவு தனியாகக் காவல் நின்றவர். விடிய வந்து எங்களுக்குச் சொன்னது எனக்கு வடிவாக நினைவிருக்கிறது: "அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பை பறந்திருக்கும்." அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் அது அம்மாளாச்சிதான் என்றார்கள். பெரியப்பா மறுத்தார். அடுத்த மாரியில் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மூன்றாம் மாரி வந்தபோது அவரே, வெள்ளைச் சேலையோடு ஒரு ஆச்சி குளக்கட்டில் குந்தியிருந்தா என்று கண் கலங்கச் சொன்னார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். இப்போது அவருக்கு அதுதான் நினைவு.

கடலோரத்தாள் எழுதியது:

நன்றி, அண்ணைமார். நந்திக்கடல் எழுதியதை நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்டைக்கு ஒருத்தரும் எங்கட வாசலுக்கு வரேல்லைப் பிள்ளை" என்று சொன்னா. இருபது வருடத்தில் இதை இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். திகதி போட்டுக் கொப்பியில் எழுதிவிட்டேன். அந்த நாள் கரையில் நின்றவர்கள் இங்கே யாராவது இருந்தால், நீங்களே கண்டதை மட்டும் கீழே எழுதுங்கோ, அதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.