பட அட்டைகள் பள்ளி அலமாரியில் இருந்தால் பிள்ளை வீட்டில் எதைக் கொண்டு கேட்பான்?

நிலாமுற்றம்:

என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. போன விடுமுறை முழுவதும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். சமையலறைக்கு இழுத்துப் போவான், நான் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுவேன், அவன் நினைத்தது எதுவென்று எனக்குப் பிடிபடாவிட்டால் தன் கையையே கடித்துக்கொள்வான். புறங்கையில் தழும்பு விழுந்துவிட்டது.

பள்ளி திறந்த அன்று அவன் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதால் கொடுத்துவிட்டு வரலாம் என்று திரும்பிப் போனேன். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால், என் பிள்ளை ஒரு ஃபைலின் மேல் வெல்க்ரோவில் ஒட்டியிருந்த சின்னப் படத்தை உரித்து எடுத்து, நாலு எட்டு நடந்து போய் டீச்சரின் உள்ளங்கையில் வைக்கிறான். தண்ணீர் படம். அவர் உடனே ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார், குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான். அழுகை இல்லை, கடி இல்லை. விடுமுறைக்கு முன்பே மூன்று மாதமாக இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தானாம். எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவனுடைய ஐ.இ.பி.யை, அதாவது பள்ளி அவனுக்கென்று தனியாகப் போட்ட கல்வித் திட்டத்தை, எடுத்துப் பார்த்தேன். "படப் பரிமாற்ற முறை, இரண்டாம் கட்டம்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. கூட்டத்தில் அதற்கு அர்த்தம் சொன்னவர் யாரும் இல்லை, நானும் கேட்கவில்லை, பதினைந்து நிமிடத்தில் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அட்டைகளை வீட்டுக்குத் தாருங்கள் என்று இப்போது கேட்டால், பள்ளிப் பொருளை வெளியே தர முடியாது என்கிறார்கள்.

சிறப்புக் கல்விக்கு வரும் பணத்தில் ஒரு பங்கைக் குடும்பத்துக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பள்ளியில் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க, வீட்டுக்கு இரண்டாவது செட் அட்டை தர. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரும்பலகை:

நான் பதினோரு வருடமாகச் சிறப்பாசிரியர். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் பொறுப்பில் 23 பிள்ளைகள். ஒரு செட் அட்டை செய்ய, படம் எடுத்து, அச்சடித்து, லேமினேட் போட்டு, மூலை குத்தாமல் வளைத்து வெட்டி, பின்னால் வெல்க்ரோ ஒட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும், அதுவும் என் வீட்டில் என் சொந்த நேரத்தில். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த காலமும் உண்டு. பாதி திரும்பி வராது, அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வகுப்பில் கேட்க வழியில்லாமல் நிற்கும்.

அட்டையைக் கொடுத்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். இந்தப் படப் பரிமாற்ற முறையை 1985இல் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் என்ற இருவர் உருவாக்கினார்கள். மொத்தம் ஆறு கட்டம். முதல் கட்டத்துக்கே இரண்டு பெரியவர்கள் வேண்டும்: ஒருவர் முன்னால் உட்கார்ந்து அட்டையை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பார், இன்னொருவர் பின்னால் இருந்து, வாயே திறக்காமல், பிள்ளையின் கையை மட்டும் வழிநடத்துவார். இது தெரியாத வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? அட்டையைத் தூக்கிப் பிடித்து "இது என்ன, சொல்லு, சொல்லு" என்று கேட்கிறார்கள். கேட்பதற்காகக் கொடுத்த பொருள் பரீட்சைத் தாளாகிவிடுகிறது. இரண்டே வாரத்தில் பிள்ளை அட்டையைத் தொடுவதையே விட்டுவிடுகிறது. கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே பெற்றோருக்குப் பயிற்சி வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரத்தை எந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்கச் சொல்கிறீர்கள்?

ஒற்றையடிப்பாதை:

டீச்சர் சொன்னதற்கு மேல் ஒரு படி போய்ச் சொல்கிறேன். குடும்பத்துக்கு ஆதரவு என்ற பேச்சு வந்தாலே எனக்குப் பயம்.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், பதினொரு வயது. அவள் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம், "குடும்பமும் பங்கெடுக்க வேண்டும்" என்று இதே வார்த்தையைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். முதலில் வீட்டில் செய்ய ஒரு பயிற்சித் தாள், அப்புறம் வாரம் ஒரு நாள் அம்மா வந்து பார்க்கட்டும், அப்புறம் உதவியாளர் கிடைக்கவில்லை, அதனால் அம்மாவே வகுப்பில் பக்கத்தில் உட்காரட்டும். என் மனைவி வேலையை விட்டார். இரண்டு வருடம் அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு வருடத்தில் என் மகளிடம் ஒரு பிள்ளை கூட வந்து பேசவில்லை. பெரியவர் ஒருவர் எப்போதும் ஒட்டியே உட்கார்ந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் நெருங்க மாட்டார்கள், அந்தப் பிள்ளையும் எதற்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று மைக்கேல் ஜியாங்ரெகோவும் அவருடைய குழுவினரும் 1997இலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அது அனுபவப்பட்டுத்தான் தெரிந்தது.

சகோதரி, பணம் இருந்தால் அதில் இன்னொரு சிறப்பாசிரியரைப் போடச் சொல்லுங்கள், ஸ்பீச் தெரபி நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். பள்ளி தன் ஆறு மணி நேர வேலையை ஒழுங்காகச் செய்யட்டும். வீட்டில் எங்களைப் பெற்றோராக மட்டும் இருக்க விடட்டும்.

நிலாமுற்றம்:

அண்ணா, உங்கள் மனைவிக்கு நடந்தது அநியாயம். ஆனால் அது ஆள் போடக் காசில்லாமல் உங்கள் மனைவியைச் சம்பளமில்லாத ஊழியராக வைத்துக்கொண்ட வேலை. அதற்கு ஆதரவு என்று அவர்கள் பெயர் வைத்தார்கள் என்பதற்காக நான் கேட்பதும் அதுதான் என்று ஆகாது. உங்கள் மனைவி பள்ளிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பள்ளியிடமிருந்து வீட்டுக்கு வர வேண்டியது வரட்டும் என்று நான் கேட்கிறேன்.

ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கல்வி பற்றிய 24ஆம் பிரிவைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தைய 23ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் காலத்தோடு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்களுக்குத் தகவல் கூட வரவில்லையே! என் பிள்ளைக்குக் கேட்கத் தெரியும் என்கிற தகவல்.

ஆறு மணி நேரம் பள்ளி பார்த்துக்கொண்டால் போதும் என்கிறீர்கள். மீதி பதினெட்டு மணி நேரம் அவனுக்குத் தாகம் எடுக்காதா?

ஒற்றையடிப்பாதை:

எடுக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் வந்து கற்றுக்கொள்வது என்று யோசித்தீர்களா? கூட்டம் எப்போதும் வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு. வருவது எப்போதும் அம்மா. பயிற்சி என்று வைத்தாலும் அதே பதினோரு மணிதான், அதே அம்மாதான். என்னைப் போன்ற அப்பாக்களை யாரும் கூப்பிடுவதில்லை, சில நேரம் அது எங்களுக்கு வசதியாகவும் போய்விடுகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அலைவரிசை:

நான் பெற்றோர் இல்லை, அண்ணன். என் தம்பிக்கும் பேச்சு கிடையாது. இப்போது அவனுக்கு இருபது வயது. சின்ன வயதில் பள்ளியிலிருந்து இதே மாதிரி அட்டைகள் வீட்டுக்கு வந்தன. எங்கள் பாட்டி எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். படத்தைக் காட்டிப் பழகினால் வாயைத் திறக்கவே மாட்டான் என்று அவருக்குப் பயம். அன்பில் செய்ததுதான். ஆனால் அப்போது யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் அவன் வருடங்கள் வீணாகியிருக்காது. நான் நிலாமுற்றம் அக்கா பக்கம்.

கரும்பலகை:

தம்பி, உங்கள் பாட்டிக்கு வந்த பயம் பல ஆசிரியர்களுக்கே உண்டு. 2006இல் இது பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். படம், சைகை, கருவி போன்ற மாற்று வழிகளைப் பழகியதால் பேச்சு குறைந்துபோனதாக, நம்பிப் பார்க்கத் தகுந்த பதிவுகளில் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு கொஞ்சமாவது கூடியிருந்தது. இதை நான் வகுப்பில் நூறு முறை சொல்லியிருப்பேன். பாட்டிகளிடம் ஒரு முறை கூடச் சொன்னதில்லை. உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து அது மனசை அறுக்கிறது.

ஆனாலும் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. யார் போய்ச் சொல்வது? எப்போது?

நிலாமுற்றம்:

டீச்சர், நீங்களே எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கிராமப்புறம், பிள்ளைகள் தூரம் தூரமாக இருந்தார்கள், எல்லோரையும் ஓரிடத்துக்கு வரவழைக்க முடியவில்லை. அதனால் ஆசிரியர் வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போவார், ஒரு சின்ன விஷயத்தைத் தானே செய்து காட்டுவார், பெற்றோரைத் தன் முன்னால் செய்ய வைத்துப் பார்ப்பார், அடுத்த வாரம் வரை அவர்கள் அதைப் பழக்குவார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அதற்கென்று தனி ஆள், தனி நேரம், தனிச் சம்பளம். உங்கள் 23 பிள்ளைகளின் நேரத்தில் கை வைக்காமல் செய்ய முடியும் என்று சொல்ல வருகிறேன்.

கரும்பலகை:

தனி ஆள் என்றால் நான் எதற்கு எதிர்க்கப் போகிறேன்? நடைமுறையில் தனி ஆள் வருவதில்லை, பழைய ஆளின் பட்டியலில் ஒரு வரி கூடும், அதுதான் என் பயம். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது, இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு. ஒன்பது குழு வகுப்பு, மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. நிபுணர் அல்லாதவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு நடத்தலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. பெற்றோர் தங்கள் மனதைப் பார்த்துக்கொள்வதற்கும் அதில் இடம் இருக்கிறது. இப்படி ஒன்றைப் பள்ளியில் நடத்தினால் நான் ஒரு வகுப்பு எடுக்கத் தயார், ஆனால் அது என் கால அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒற்றையடிப்பாதை:

ஒன்பது வகுப்பு நடக்கும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, டீச்சர்? அந்த வரியை எந்தத் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை. எங்கள் மகளுக்கு வலிப்பும் உண்டு, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது. அங்கேயே ஒரு அறை, பழக்கப்பட்ட ஓர் ஆள், மாலை நேரம். இந்த மூன்றும் இல்லாமல் வைக்கிற பயிற்சிக்கு வர முடிந்தவர்கள் மட்டும் வருவார்கள், வர முடியாதவர்களை அக்கறை இல்லாத பெற்றோர் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். எங்களை அப்படி எழுதியிருக்கிறார்கள்.

இருக்கிற பணம் கொஞ்சம்தான் என்றால், முதலில் வகுப்பறைக்கு என்பதில் நான் மாறவில்லை.

நிலாமுற்றம்:

நான் மாறவில்லை, அண்ணா. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நீங்கள் சொன்னதை என் கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் என் மகனின் திட்டத்தை மறுபடி பார்க்கிறார்கள். மூன்று விஷயம் எழுதிக் கேட்கப் போகிறேன்: திட்டத்தை இரண்டு நாள் முன்பே எனக்குப் புரியும் வார்த்தையில் தர வேண்டும், ஒவ்வொரு இலக்குக்குப் பக்கத்திலும் வீட்டில் என்ன செய்ய வேண்டும், அதை யார் சொல்லித் தருவார் என்று எழுத வேண்டும், கூட்டம் மாலையில், பக்கத்து அறையில் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளோடு நடக்க வேண்டும். இரண்டாவது செட் அட்டையை நானே செய்துகொள்கிறேன், டீச்சர், நீங்கள் வழி மட்டும் சொல்லுங்கள்.

கரும்பலகை:

படம் வரையாதீர்கள், இணையத்திலிருந்தும் எடுக்க வேண்டாம். அவன் வீட்டில் குடிக்கிற அதே டம்ளரைப் போட்டோ எடுங்கள், பின்னால் வேறு பொருள் எதுவும் தெரியாமல். முதலில் ஒரே ஒரு அட்டை. அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கொடுத்தவுடன் தண்ணீர், ஒரு நொடி கூடத் தாமதிக்கக் கூடாது, எதையும் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது. பள்ளியில் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டான் என்றாலும் வேறு இடம், வேறு ஆள் என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வருவது சகஜம், பயந்துவிடாதீர்கள். பின்னால் உட்கார வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரா?

நிலாமுற்றம்:

என் கணவர் ஏழு மணிக்கு வந்துவிடுவார். டம்ளரைக் கழுவி வெளிச்சத்தில் வைத்திருக்கிறேன்.