மாவீரன் சத்யாவுக்கு உண்மையிலேயே சக்தி இருக்கிறதா?

ஈசூன் தம்பி:
நேற்று ராத்திரி வீட்டில் மாவீரன் (2023) மறுபடியும் பார்த்தோம், படம் முடிந்ததும் எனக்கும் அக்காவுக்கும் பெரிய வாக்குவாதம். சிவகார்த்திகேயன் நடித்த சத்யா படக்கதை வரைகிறவன், பயந்த சுபாவம், எது நடந்தாலும் அனுசரித்துப் போய்விடலாம் என்று நினைக்கிற ஆள். கீழே விழுந்து அடிபட்ட பிறகு விஜய் சேதுபதியின் குரல் அவனுக்கு மட்டும் கேட்கிறது. அது தலையில் பட்ட அடியால் வந்த கோளாறுதான் என்கிறார் அக்கா. எனக்கு அது சக்தியாகத்தான் தெரிகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உட்லண்ட்ஸ் தாதி:
தம்பி, அக்கா சொல்வதில் பாதி சரி. நாம் செய்வதை யாரோ கூடவே இருந்து 'அவன் எழுந்தான், அவன் நடந்தான்' என்று வர்ணனை செய்வதுபோல் குரல் கேட்பது மனநல மருத்துவத்தில் தெரிந்த அறிகுறிதான். தலைக்காயத்துக்குப் பிறகு சிலருக்குக் குரல்கள் கேட்பதும் உண்டு. அந்தக் குரலுக்கு சத்யா வரைகிற படக்கதையின் நடைதான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள், அவன் மூளையிலிருந்து வந்தது என்றால் அது பொருந்தும். ஆனால் நோயாளிக்குக் கேட்கும் குரலால் அடுத்து விழப்போகிற வெட்டைச் சொல்ல முடியாது. சண்டைக் காட்சிகளில் இது சொல்கிறதே! அந்த இடத்தில் மருத்துவ விளக்கம் நின்றுவிடுகிறது.

ஈசூன் தம்பி:
நன்றி தாதி அக்கா, நானும் அதைத்தான் சொன்னேன். உடம்பு அதே உடம்பு, பலம் கூடவில்லை, முன்கூட்டியே தெரிவது மட்டும்தான் கூடுதல்.

ஓவன் ரோடு பழையவர்:
சண்டையை விடுங்கள், கட்டடத்தைப் பாருங்கள். சத்யா குடும்பம் குடிபோகிற அந்த அடுக்குமாடி மோசமாகக் கட்டியது என்று தெரிந்துகொள்ள எந்தக் குரலும் வேண்டாம், குடிவந்தவர்கள் எல்லாருமே கண்ணால் பார்க்கிறார்கள், யோகி பாபு ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு இந்தப் படம் பார்க்கும்போதெல்லாம் 1986 மார்ச் 15 ஞாபகம் வரும். இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்த நாள். ஆறு மாடி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 33 பேர் போய்விட்டார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள், எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்களும் வந்து உதவினார்கள். நான் அப்போது பள்ளிப் பையன், வீடு பக்கத்தில்தான், அந்தப் புழுதி இன்னும் கண்ணில் இருக்கிறது. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. இடிவதற்கு முன்பே தூண்களில் விரிசல் விட்டிருந்தது தம்பி, பார்த்தவர்களும் இருந்தார்கள். அதனால் சத்யாவின் சக்தி முன்கூட்டியே தெரிவது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்தது அவனுக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்த பிறகும் சும்மா இருக்க அந்தக் குரல் விடவில்லை, அவ்வளவுதான்.

ஈசூன் தம்பி:
ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் வெட்டு வரும் திசை அவனுக்கு எப்படி முன்னாலேயே தெரிந்திருக்கும்? அதற்கு மட்டும் எனக்குச் சக்தி வேண்டியிருக்கிறது. இன்று ராத்திரி அக்காவோடு உட்கார்ந்து, குரல் வருவதற்கு முன்பு அவன் சுவரைப் பார்க்கிற காட்சிகளை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.