கயிறா, பாட்டா? மஞ்சும்மல் பாய்ஸை ஓட வைத்தது எது?

கோட்டாறு கணக்கன்:
போன வாரம் இங்கே ஒரு மகான் எழுதியிருந்தார். 2024-ல் தமிழில் பார்க்கிற மாதிரி ஒரு படமும் வரவில்லையாம், படம் எடுப்பது எப்படி என்று மலையாளத்தில் வந்த மஞ்சும்மல் பாய்ஸைப் பார்த்துத்தான் நாம் படிக்க வேண்டுமாம். போகட்டும் என்று விட்டுவிடத்தான் பார்த்தேன், முடியவில்லை. நேற்று ராத்திரி அந்தப் படத்தை மறுபடியும் உட்கார்ந்து பார்த்தேன். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த கேரளப் பையன்களில் ஒருவன் குகைக் குழிக்குள் விழ, நண்பர்கள் அவனை மீட்கிற கதை. கொடைக்கானல் நம்முடையது. அந்த இடத்துக்குக் குணா குகை என்று பெயர் வந்ததே 1991-ல் சந்தானபாரதி எடுத்த கமல் படத்தால். உச்சக்கட்டத்தில் ஒலிப்பது இளையராஜா இசையில் கமலும் ஜானகியும் பாடிய 'கண்மணி அன்போடு'. இதில் அவர்கள் கொண்டு வந்தது என்ன? ஒரு வண்டி நிறையப் பையன்கள். நாகர்கோவிலில் நான் பார்த்த காட்சியில் அதுவரை தியேட்டர் கம்மென்று இருந்தது. பாட்டு தொடங்கிய பிறகுதான் கைதட்டல். அதற்கு முன்னால் ஒரு தட்டு கிடையாது. பாட்டை எடுத்துவிட்டால் அந்தப் படம் பூஜ்யம்.

மேற்குக் குமரி:
மகான் என்று சுற்றி வளைக்க வேண்டாம், எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டுங்கள். மார்த்தாண்டத்தில் முதல் வாரம் பார்த்தவன் நான். குட்டன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, சேறும் ரத்தமுமாகக் கிடக்கும் சுபாஷை எட்டிப் பிடிக்கிறானே, அந்த இடத்திலேயே கைதட்டல் வந்துவிட்டது. அப்போது பாட்டு கிடையாது. மூச்சு வாங்கும் சத்தம்தான். பாட்டு பின்னால் வருகிறது. அழுகிறவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் பாட்டு. அழ வைத்தது கயிறு.

கோட்டாறு கணக்கன்:
மார்த்தாண்டத்தில் டிக்கெட் கிழிக்கும்போதே கைதட்டுவார்கள். அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

மேற்குக் குமரி:
இப்படி ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போக விடமாட்டேன். வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பையன்கள் வடம் இழுத்துத் தோற்கிறார்கள். பார்க்கும்போது அது சும்மா ஒரு கலாட்டா. கடைசியில் குழியின் வாயில் நின்று அதே பையன்கள் கயிற்றை இழுக்கும்போதுதான் அந்தக் காட்சியை எதற்கு வைத்தார்கள் என்று புரிகிறது. எங்கள் பக்கம் ஓணத்துக்கு கிளப்காரர்கள் வடம் இழுக்கிறதைப் பார்த்தவனுக்கு அது உடனே பிடிபடும். கடைசி ஆள் கயிற்றை முதுகோடு சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்வான். முன்னால் நிற்கிறவன் கை வழுக்கினாலும் அவன் விடமாட்டான். அந்தச் சாய்வை இயக்குநர் சிதம்பரம் அப்படியே கொண்டு வந்திருக்கிறார். அப்புறம் அந்த மழை. தண்ணீர் குழிக்குள் இறங்கிவிடக் கூடாது என்று பையன்கள் தரையில் படுத்து உடம்பையே அணையாக வைக்கிறார்கள். அங்கே எந்தப் பாட்டு ஓடியது? ஷைஜு காலித் கேமராவும் சுஷின் ஷியாம் பின்னணி இசையும்தான். பாட்டு பாட்டு என்று கத்துகிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் சொல்வதே இல்லை.

வடபழனி ரசிகன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். குமரி மாவட்டத்து நண்பர்கள் மலையாளப் படத்தைத் தூக்கிப் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லையே. நீங்கள் எல்லோரும் பாதி மலையாளிதானே. சப்டைட்டில்கூட உங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு அந்தப் பாட்டு வந்தபோதுதான் உயிரே வந்தது.

கோட்டாறு கணக்கன்:
தம்பி, நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள் என்பதற்காக இதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். 'பாதி மலையாளி' என்ற பேச்சு இங்கே வேண்டாம். 1956 நவம்பர் 1-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது யாரும் தானமாகக் கொடுத்து அல்ல.

மேற்குக் குமரி:
1954-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும். இரண்டும் எங்கள் பக்கம். தமிழ்நாட்டில் சேர வேண்டும் என்று குண்டடி பட்டுச் செத்தவர்களின் ஊரில் இருந்துகொண்டுதான் நான் மலையாளப் படம் பார்க்கிறேன். இரண்டுக்கும் ஒரு முரணும் இல்லை. மொழி தெரிகிறது, பார்க்கிறோம். திருவனந்தபுரம் தூர்தர்ஷன் ஆன்டெனாவில் கிடைத்த காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கோட்டாற்றுக்காரர் இப்போது நவம்பர் 1-ஐத் தூக்கிக்கொண்டு வருகிறார். அந்தப் போராட்டத்தில் அடி வாங்கியது மேற்கு.

கோட்டாறு கணக்கன்:
அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணி வக்கீல் தொழில் பார்த்தது நாகர்கோவில் கோர்ட்டில்.

மேற்குக் குமரி:
பிறந்தது பள்ளியாடிப் பக்கம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தோவாளைக்காரி:
அண்ணன்மாரே, சினிமாவுக்கு வாருங்கள். கோட்டாற்று அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. போன தடவை இதே இடத்தில் லப்பர் பந்து படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினீர்கள். நானும் கொண்டாடினேன். அதில் அட்டகத்தி தினேஷ் நடித்த கெத்து மட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வரும்போது என்ன பாட்டு? 'பொட்டு வச்ச தங்கக்குடம்'. 1989-ல் விஜயகாந்த் நடித்த பொன்மனச் செல்வன் படப் பாட்டு, அதுவும் இளையராஜாதான். தியேட்டரே எழுந்து ஆடியது. அப்படியென்றால் அதுவும் பாட்டால் ஓடிய படமா? அட்டகத்தி தினேஷுக்கும் ஹரிஷ் கல்யாணுக்கும் நடுவில் அந்த ஈகோ எப்படி வளர்கிறது, ரப்பர் பந்து ஆடுகிறவனை ஊர் அணியில் சேர்க்காததற்குப் பின்னால் என்ன இருக்கிறது, இதெல்லாம் பூஜ்யமா?

கோட்டாறு கணக்கன்:
அது வேறு, இது வேறு. அங்கே பாட்டு கெத்துவின் குணத்தைச் சொல்கிறது. அவன் விஜயகாந்த் ரசிகன். பாட்டு அவனுக்குச் சொந்தம்.

தோவாளைக்காரி:
இங்கே பையன்கள் குணா படம் எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றுதானே வேலியைத் தாண்டிப் போகிறார்கள்? அவர்களுக்கு மட்டும் சொந்தம் இல்லையா?

கோட்டாறு கணக்கன்:
தங்கச்சி, கைதட்டல் எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. பாட்டுக்குப் பின்னால்.

மேற்குக் குமரி:
முன்னால். தோவாளைக்காரிக்கு ஒரு கும்பிடு. ஆனால் லப்பர் பந்தை மஞ்சும்மலுக்குப் பக்கத்தில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தில் டிராக்டரில் வந்து கிரிக்கெட் ஆடுகளத்தை உழுதுவிட்டுப் போகிற யசோதையாக நடித்த ஸ்வாசிகாவே கேரளத்துக்காரர். மெய்யழகனுக்கு இசை போட்ட கோவிந்த் வசந்தாவும் அங்கிருந்து வந்தவர். கொட்டுக்காளியில் வாய் திறக்காமலே மிரட்டிய அன்னா பென்னும் அப்படியே. தமிழ்ப் படத்தில் தூணாக நிற்பதெல்லாம் யார் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள் அண்ணாச்சி.

கோட்டாறு கணக்கன்:
அப்படிக் கணக்குப் போட வந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி.டேனியல் கடைசிக் காலத்தைக் கழித்து 1975-ல் கண் மூடியது அகஸ்தீஸ்வரத்தில். கேரளம் அவரைக் கொண்டாடத் தொடங்கியது அவர் போன பிறகு. மலையாள சினிமாவின் தகப்பனே நம் கிழக்குப் பக்கத்து ஆள். நீங்கள் யாரிடம் போய்ப் படிக்கச் சொல்கிறீர்கள்?

முட்டம் அலை:
இளையராஜா பாட்டு, படப்பிடிப்பு நடந்த இடம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1981-ல் அலைகள் ஓய்வதில்லை, 1986-ல் கடலோரக் கவிதைகள், இரண்டும் எங்கள் முட்டத்துப் பாறையில் எடுத்தவை. குணா குகைக்குப் போக வண்டி பிடித்துக் கொடைக்கானல் வரை போகிறார்கள். சொந்த மாவட்டத்தில் பாரதிராஜா கேமரா வைத்த பாறை எது என்று கேட்டால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

மேற்குக் குமரி:
முட்டத்துக்காரரே, எந்தப் பேச்சு வந்தாலும் பாறையைக் கொண்டு வந்து போடுகிறீர்கள். போன ஓணத்துக்கும் இதேதான். பாறை நல்ல பாறை. இப்போது கயிற்றைப் பற்றிப் பேசுகிறோம்.

முட்டம் அலை:
நீங்கள் மட்டும் போன ஓணத்துக்கு நான் பார்க்காத படத்தின் முடிவை இங்கே எழுதிக் கெடுத்ததை நான் மறக்கவில்லை.

வடபழனி ரசிகன்:
எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உதவி கேட்டுப் போன பையன்களை நம் ஊர் போலீஸ் அடிக்கிற மாதிரி படத்தில் காட்டியிருந்தார்கள். அது சரியா?

தோவாளைக்காரி:
2006-ல் உண்மையாக நடந்தது என்றே அந்தப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். படம் வந்த பிறகு தமிழக அரசே அதை விசாரிக்கச் சொன்னது. படத்தில் கூடவே நின்ற நம் ஊர்க் கடைக்காரரையும் காட்டத்தானே செய்தார்கள்? அதற்கு ஏன் வருத்தம்?

கோட்டாறு கணக்கன்:
விஷயத்தை மாற்றாதீர்கள். பாட்டுக்கு அவ்வளவு மதிப்பு இல்லையென்றால் 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து ஏன் வக்கீல் நோட்டீஸ் போனது? பாட்டு வெறும் ஊறுகாய் என்றால் அதற்கு யாராவது நோட்டீஸ் அனுப்புவார்களா?

மேற்குக் குமரி:
உரிமை வைத்திருந்தவர்களிடம் முறையாக வாங்கித்தான் போட்டோம் என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். அது உரிமைச் சண்டை. உரிமை யாருக்கு என்பதும் படம் எதனால் ஓடியது என்பதும் ஒன்றா? உலகம் முழுக்க 200 கோடியைத் தாண்டிய முதல் மலையாளப் படம் இது. கண்மணி அன்போடு கேட்டே இராத ஊரிலும் ஓடியது. கேரளத்தில் இருபது வயதுப் பையனுக்குக் குணா என்ன தெரியும்? அவன் எதற்குக் கைதட்டினான்? கயிற்றுக்கு. உண்மையில் அந்தக் குழிக்குள் இறங்கியவருக்கு உயிர் காத்ததற்கு அரசு தரும் ஜீவன் ரக்ஷா பதக்கம் கொடுத்தார்கள். பாட்டுக்காக யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. இதற்கு மேலும் விளக்க வேண்டுமா? வேண்டுமென்றால் குகை செட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி போட்ட பாறையையும் மலையிலிருக்கும் நிஜப் பாறையையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று உங்களால் சொல்ல முடியாது.

கோட்டாறு கணக்கன்:
எழுதுங்கள், யார் தடுத்தது. கைதட்டல் பாட்டுக்குப் பின்னால்.

தோவாளைக்காரி:
கொட்டுக்காளியை இங்கே இரண்டு பேரும் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதில் பாட்டும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. வினோத்ராஜ் அந்த ஆட்டோவின் சத்தத்தையும் சேவலையும் சூரியின் கரகரத்த தொண்டையையும் மட்டும் வைத்தே உட்கார வைத்தார். கைதட்டலை வைத்து அளந்தால் அந்தப் படத்துக்கு என்ன மதிப்பு கொடுப்பீர்கள்? எங்கள் பக்கம் ஒரு வாரம்கூட முழுதாக ஓடவில்லை. மலையாளம் பெரிதா தமிழ் பெரிதா என்று இங்கே மல்லுக்கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதற்கு டிக்கெட் எடுத்தீர்கள்?

கோட்டாறு கணக்கன்:
அதே நாளில்தான் வாழை படம் வந்தது. குடும்பத்தோடு அதற்குப் போனோம்.

மேற்குக் குமரி:
நான் எடுத்தேன். அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அதை இன்னொரு நாள் பேசலாம். இப்போது அண்ணாச்சி ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். மெய்யழகனை நீங்கள் தலைமேல் வைத்திருக்கிறீர்கள், சரி. அந்தப் படம் வந்த பிறகு 18 நிமிடம் வெட்டினார்களே, ஏன்? மஞ்சும்மல் பாய்ஸில் அப்படி வெட்ட ஒரு நிமிடம் கிடைத்ததா? தியேட்டர்காரனும் ரசிகனும் நீளம் நீளம் என்றதும் தமிழில் கத்தரியைத் தூக்கிவிடுகிறார்கள். தான் எடுத்த படத்தில் தனக்கே நம்பிக்கை இல்லை.

கோட்டாறு கணக்கன்:
வெட்டாத படத்தையே பார்த்தவன் நான். முதல் நாளே போனேன். அரவிந்த்சாமி கல்யாண மேடையில் தங்கச்சியின் காலடியில் உட்கார்ந்து கொலுசு போட்டு விடுகிறாரே, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ராத்திரி முழுக்கக் கார்த்தி பேசுகிற பேச்சு ஒன்றும் எனக்கு நீளமாகத் தெரியவில்லை. ஜல்லிக்கட்டு மாடும் பழைய போர்க்கதையும் இருந்தால்தான் அவன் யார் என்று தெரியும். வெட்டியது தப்பு. ஆனால் வெட்டச் சொல்லிக் கத்தியது உங்களை மாதிரி ஆட்கள்தான்.

மேற்குக் குமரி:
நான் எங்கே கத்தினேன்? காட்டுங்கள்.

கோட்டாறு கணக்கன்:
படம் வந்த வாரம் இங்கேயே 'இடைவேளைக்குப் பிறகு கொட்டாவி' என்று எழுதியது யார்?

மேற்குக் குமரி:
கொட்டாவி என்றேன். வெட்டு என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

முட்டம் அலை:
மெய்யழகனில் கமல் பாடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கமல் குரல், இங்கேயும் கமல் குரல். இரண்டு படத்திலும் ஜனம் அழுதது அவர் பாடும்போதுதான்.

கோட்டாறு கணக்கன்:
அப்படிச் சொல்லுங்கள் முட்டத்துக்காரரே! இதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்.

மேற்குக் குமரி:
இதுவரை பாறை என்றவர் இப்போது பாட்டுக்குத் தாவிவிட்டார். சரி, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஹாட்ஸ்டாரில் போட்டு, சுபாஷைக் குட்டன் பிடிக்கிற இடத்திலிருந்து இரண்டு பேரும் மேலே வருகிற வரைக்கும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் தொண்டை அடைக்கவில்லையென்றால் வந்து பேசுங்கள்.

கோட்டாறு கணக்கன்:
சத்தத்தை அணைத்துவிட்டு எவனாவது சினிமா பார்ப்பானா? மார்த்தாண்டத்தில் அப்படித்தான் பார்ப்பீர்களா?

மேற்குக் குமரி:
ஊரை இழுக்காதீர்கள். இதோடு இரண்டாவது தடவை இழுத்துவிட்டீர்கள். முதலில் டிக்கெட் கிழிக்கும்போது, இப்போது இது. உங்கள் நாகர்கோவில் தியேட்டரில் பாட்டு தொடங்கியதும் பாதிப் பேர் போனைத் தூக்கி வீடியோ எடுத்ததாக உங்கள் நண்பரே எழுதியிருந்தார். திரையைப் பார்க்காமல் போனைப் பார்த்தவர்கள் கைதட்டியதை வைத்தா என்னிடம் கணக்குக் காட்டுகிறீர்கள்?

கோட்டாறு கணக்கன்:
ஏன் தூக்கினார்கள்? பாட்டு வந்ததால். கயிறு வந்தபோது ஒருத்தரும் தூக்கவில்லை.

மேற்குக் குமரி:
கயிறு வந்தபோது கை நடுங்கியது, அதனால் தூக்கவில்லை. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வருகிறேன். குகை செட்டைப் பற்றி எழுதப் போகிறேன், எல்லோரும் இருங்கள்.